செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ்: ஒரு பருவம் வகுப்பில் வைத்துப் பார்த்ததில்

ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இணையத்தில் இறக்கிய படங்களைத் திரையில் போட்டால் பிள்ளைகள் இரண்டு நிமிடம் பார்ப்பார்கள், அப்புறம் கண் ஜன்னல் பக்கம் போய்விடும். அந்தச் சலிப்பில்தான் செல்போன் கேமரா மேல் கவ்விக்கொள்ளும் சின்னப் பொருளை 15 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இந்த லென்ஸை வாங்கினேன்.

முதல் இரண்டு நாள் எரிச்சல்தான். பொருளிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்க வேண்டும், மூச்சு விட்டாலே படம் கலங்குகிறது, அவ்வளவு கிட்டத்தில் போனின் நிழலே பொருள் மேல் விழுந்து இருட்டடிக்கிறது. போதாததற்கு என் போனில் மூன்று கேமரா, கிட்டே கொண்டுபோனதும் அது தானாகவே வேறு கேமராவுக்குத் தாவிவிடுகிறது, நானோ லென்ஸ்தான் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்ப இருந்தேன். செட்டிங்கில் அதை நிறுத்திவிட்டு, இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம் மாதிரி போனைப் படுக்கவைத்து, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் படும்படி எடுத்தேன். சரியாக வந்தது.

வகுப்பைத் தூக்கி நிறுத்தியது கணினித் திரைதான். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அந்த வெள்ளையைப் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் மட்டும்தான். "வெள்ளையே இல்லையே டீச்சர்!" என்று ஒரு குரல். மஞ்சளை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தால் நீலம் அணைந்து சிவப்பும் பச்சையும் எரிகின்றன. அச்சிட்ட படம் வேறு கதை, அதில் வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள். ஒளியைக் கலப்பதும் மையைக் கலப்பதும் ஒன்றல்ல என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி வகுப்புக்குப் புரிந்துவிட்டது.

இன்னொன்று, எதை எடுத்தாலும் பக்கத்தில் அளவுகோலின் மில்லிமீட்டர் கோடுகளும் படத்தில் விழட்டும். படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் போட்டபோது ஒரு மில்லிமீட்டர் 20 சென்டிமீட்டராக விரிந்ததை ஒரு பையன் அளந்துவிட்டு, "பெட்டியில் 15 மடங்குதானே போட்டிருக்கு, இது 200 ஆச்சே?" என்றான். அன்று அறிவியல் வகுப்பு கணக்கு வகுப்பாகிவிட்டது.

உப்புப் படிகத்தின் கனசதுரம், பெரணி இலையின் அடியில் இருக்கும் வித்துக் கொத்து, உதிர்ந்த பட்டாம்பூச்சிச் சிறகின் செதில் எல்லாம் நன்றாகவே தெரிகின்றன. செல், இலைத்துளை இதெல்லாம் கேட்டு வாங்காதீர்கள், தெரியாது. அதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கிய ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி இருக்கிறது, 140 மடங்கு காட்டும், அதையும் போனோடு பொருத்தலாம். ஓடுகிற எறும்பை இந்த லென்ஸில் எடுக்க நினைப்பது வீண் வேலை, நான் நாற்பது படம் எடுத்து ஒன்றுகூட உருப்படவில்லை.

படத்தின் ஓரங்கள் மங்கல், நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் காட்டுகிறேன். கிளிப்பின் ரப்பர் இரண்டாம் மாதமே கழன்றது, இப்போது சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருக்கிறேன். வாங்குவதாக இருந்தால் கிளிப்பின் பிடிமானத்தை முதலில் பாருங்கள், போன் உறையோடு கவ்வுகிறதா என்றும். ஐந்துக்கு நான்கு.