ஓசூர் எல்லையில் இருந்துகொண்டு மனநல சிகிச்சை: சுமார் பத்தாண்டு அனுபவம்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். 2015-இல், பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. அன்றிலிருந்து பாகலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருந்துகொண்டே, கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலுமாகச் சிகிச்சை எடுத்து வருகிறோம். பேரிகை, தளி, தேன்கனிக்கோட்டை என்று இந்த எல்லையோரத்தில் எங்களைப் போல நிறையக் குடும்பங்கள் உண்டு. புதிதாக இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் ரோஜாத் தோட்டத்தையும் கம்பெனி வேலையையும் சேர்த்துப் பார்க்கிற ஆள். மாத்திரை அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

எல்லையோரத்தில் இருந்தால் டாக்டர் தூரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது தலைகீழ். ஓசூரிலிருந்து எங்கள் மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அதைவிடப் பக்கம். பெங்களூருவின் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. டாக்டர் பக்கத்தில்தான் இருக்கிறார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு தேவைப்படுகிறவைதான் தூரம். மாதாமாதம் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, மாற்றுத்திறனாளி சான்றிதழ், நடுராத்திரி அவசரம், இவை ஒவ்வொன்றும் ஒரு மாநிலத்தோடு கட்டப்பட்டவை. சீட்டு எழுதுவது ஒரு மாநிலம், அதை வைத்து வாழ வேண்டியது இன்னொரு மாநிலம்.

நிம்ஹான்ஸுக்கு முதலில் போகிறவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அங்கே ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சீட்டு எழுதுகிற வேலை கிடையாது. பயிற்சி டாக்டர் ஒருவர் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து கேட்பார். தாத்தா பாட்டி வழியில் யாருக்காவது இருந்ததா, பள்ளியில் எப்படி இருந்தான், தூக்கம் எப்போது குறைந்தது என்று எல்லாம் வரும். எங்கள் வீட்டில் அம்மா தெலுங்கு பேசுவார், நான் தமிழ், வேலைக்குப் போன இடத்தில் தம்பி கன்னடம். மூன்றையும் கலந்து சொன்னோம். பெண் டாக்டர்தான், சின்ன வயது. "உனக்குக் கேட்கிற குரல்கள் எந்த மொழியில் பேசுகின்றன?" என்று தம்பியைக் கேட்டார். "கன்னடத்தில்தான் மேடம். வீட்டுக்கு வந்தால் தெலுங்கிலும் பேசுகிறார்கள்" என்றான். அதுவரை அவன் எங்கள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. நாங்களும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதற்கு முன்னால் இரண்டு கோயில்களுக்கும் ஒரு தர்காவுக்கும் கூட்டிப்போயிருந்தோம். கோயிலுக்குப் போவதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் இன்றும் என் எண்ணம். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடத்திலும் கட்டிப்போடுகிற இடத்திலும் மட்டும் ஒரு நிமிடம் நிற்காதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோனவர்கள் 28 பேர்.

உள்நோயாளியாகச் சேர்த்தால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். இது தொந்தரவு என்று முதலில் தோன்றும். ஆனால் நோய் என்ன, மாத்திரை என்ன செய்யும், மறுபடி வருவதற்கு முன் என்ன அறிகுறி தெரியும் என்று அம்மா கற்றுக்கொண்டது அந்தத் தங்கலில்தான். நோயிலிருந்து மீள்கிறவர்கள் வேலை பழகும் பேக்கரி ஒன்றும் அந்த வளாகத்தில் இருக்கிறது. ரொட்டி நன்றாகவே இருக்கும்.

இனி எல்லைக் கதைக்கு வருகிறேன்.

2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்தின்போது இரு மாநிலப் பேருந்துகளும் நின்றுபோயின. தமிழ்நாட்டுப் பேருந்து ஜூஜுவாடியோடு சரி. அங்கே இறங்கி அத்திப்பள்ளி வரைக்கும் நடந்து, அந்தப் பக்கம் கிடைக்கிற வண்டியைப் பிடிக்க வேண்டும். தம்பிக்கு டாக்டர் பார்க்கும் நாள் அந்தச் சமயத்தில் வந்தது. போலீஸ் தன்னைத்தான் தேடுகிறது என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தவன் அவன். தடுப்பு வேலி, லத்தி, தலையில் மூட்டையோடு நடக்கிற ஜனம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்ததும் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணா, நான் சொன்னப்போ நம்பல இல்ல" என்றான். திரும்பி வீட்டுக்கே வந்துவிட்டோம். கையிருப்பு மாத்திரை தீர்ந்த பின் பாகலூர்ப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் சீட்டைக் காட்டினேன். கர்நாடக முத்திரையைப் பார்த்துவிட்டு, உள்ளூர் டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுப்பேன் என்றார் கடைக்காரர். பதிவு பெற்ற டாக்டர் எழுதிய சீட்டு இந்தியாவில் எங்கும் செல்லும்; மாநிலத்தைப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சட்டம் பேசினால் மாத்திரை கிடைக்காது. அடுத்த கடையில் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டுப் பக்கமும் ஒரு கால் ஊன்ற வேண்டும் என்று முடிவு செய்தோம். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மாவட்டத்துக்கென்று ஒரு மனநல மருத்துவர் குழு இருக்கும். குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வரும். மாத்திரை இலவசம். இந்தத் திட்டத்தின் பிறப்பு எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். நிம்ஹான்ஸ் 1975-இல் சமூக மனநலப் பிரிவைத் தொடங்கி, பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கிற சக்கலவாரா கிராமத்தில் வேலை செய்தது. பிறகு பெல்லாரி மாவட்டத்தில் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். அந்த மாதிரியை வைத்துத்தான் 1996-இல் மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. சக்கலவாரா இருப்பது எங்களுக்கு அடுத்த ஆனேக்கல் தாலுகாவில். அங்கே பிறந்த யோசனை டெல்லி போய், சென்னை வழியாகச் சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

மாவட்டக் குழுவின் நிறை என்னவென்றால், அவர்களுக்கு ஊர் தெரியும். தம்பி எந்தத் தெருவில் டீ குடிப்பான் என்பதுகூடச் செவிலியருக்குத் தெரியும். கொஞ்ச காலம் அவனுக்கு டிப்போ ஊசி போட்டார்கள். ஒருமுறை போட்டால் சில வாரம் தாங்கும். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்புகிற ஆள் வீட்டில் இருந்தால் இதைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். குறை, எல்லா மாத்திரையும் எல்லா மாதமும் இருக்காது. பெரிய இடத்தில் எழுதிக் கொடுத்த மாத்திரை இங்கே இருப்பில் இல்லை என்று வேறொன்றுக்கு மாற்றினார்கள். மறுபடி அங்கே போனால், ஏன் மாற்றினார்கள் என்று எங்களைக் கேட்கிறார்கள். இரு தரப்பும் நல்லவர்கள்தான். ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் தபால்காரனாக அண்ணன்காரன் ஒருவன் அலைகிறான்.

இந்த ஓட்டை பெரிதாகத் தெரிந்தது க்ளோசபின் தொடங்கியபோது. மற்ற மருந்துகள் சரியாக வேலை செய்யாதவர்களுக்குக் கொடுக்கிற மருந்து அது. தம்பிக்கு அதுதான் கேட்டது. குரல்கள் ஏறக்குறைய நின்றன. ஆனால் சிலருக்கு ரத்த வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், அப்புறம் மெல்ல மெல்ல மாதம் ஒருமுறைக்கு வரும். வாராவாரம் அவனைக் கூட்டிக்கொண்டு சில்க் போர்டு நெரிசலில் நின்றால் என் வேலை போய்விடும். டாக்டரிடம் இதைச் சொன்னதும் அவரே வழி சொன்னார். ரத்தத்தை ஓசூரிலேயே கொடுங்கள், மொத்த வெள்ளணு, நியூட்ரோபில் இரண்டும் அறிக்கையில் இருக்கட்டும், படம் எடுத்து அனுப்புங்கள், எண் சரியாக இருந்தால் வர வேண்டாம் என்றார். சாதாரண ஹீமோகிராம்தான், எந்த லேபிலும் செய்வார்கள். சிகிச்சை தொடர்ந்ததே இந்த ஏற்பாட்டால்தான். இதே மருந்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மலச்சிக்கலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆபத்தான அளவுக்குப் போகக்கூடும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். இந்த இரண்டையும் உள்ளூர் டாக்டரிடமும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் காய்ச்சல் என்று நாம் ஓடுவது அவரிடம்தான்.

2020 ஊரடங்கில் எல்லையே மூடிக்கொண்டது. ஈ-பாஸ், இரண்டு பக்கமும் கேள்வி. ஆனால் 2016-ஐ விட நாங்கள் நன்றாகவே சமாளித்தோம். காரணம், அந்த மார்ச் 25-ஆம் தேதி மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டது. தொலைபேசியில் பார்த்து மருந்து எழுதலாம் என்பது எழுத்தில் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை நேரில் பார்த்த நோயாளி என்றால் இன்னும் எளிது. சீட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. கடைக்காரர்களும் அந்தச் சமயத்தில் பழகிக்கொண்டார்கள். எல்லையோர ஆட்களுக்கு இந்த ஒரு அறிவிப்பு புது ஆஸ்பத்திரி கட்டியதைவிடப் பெரிய காரியம் என்பேன். நீங்கள் முதல்முறை நேரில் போகும்போதே, அடுத்ததை போனில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

14416, அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10-இல் வந்தது. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், 20 மொழிகளில் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. இது தம்பியைவிட எனக்குத்தான் அதிகமாக உதவியது. இரவு பதினொரு மணிக்கு அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும்போது, கதவை உடைப்பதா விடுவதா என்று கேட்க ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம். ஆனால் எல்லையில் ஒரு வேடிக்கை உண்டு. என் சிம் பெங்களூருவில் வாங்கியது. அழைத்தால் கன்னடத்தில் பேசினார்கள். தமிழ் வேண்டும் என்றதும் ஏற்பாடு செய்தார்கள். வீட்டில் தமிழ்நாட்டு சிம் ஒன்றாவது இருக்கட்டும். பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று கேட்டால், சிம் எந்த மாநிலமோ அந்த மாநிலத்து ஆளுக்குத்தான் அது சட்டென்று தெரியும். 108-க்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். எங்கள் பக்கம் போன் எந்த நேரம் எந்த டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்தவுடன் முதலில் மாநிலம், மாவட்டம், அப்புறம் ஊர் என்ற வரிசையில் சொல்லுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் நான் கொஞ்சம் கசப்போடுதான் எழுதுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடக்கம். ஆனால் நோயின் சரித்திரம் முழுக்க அந்தப் பக்கக் கோப்பில் இருக்கிறது, பாதிப்பு எத்தனை சதவிகிதம் என்று போடுவது இந்தப் பக்கக் குழு. அவர்கள் பார்க்கிற அன்றைக்குத் தம்பி நன்றாக உடுத்தி, வணக்கம் சொல்லி, கேட்டதற்குப் பதில் சொன்னான். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார் என்றார் ஒருவர். க்ளோசபின் நன்றாக வேலை செய்ததற்குக் கிடைத்த தண்டனை அது. பிறகு நிம்ஹான்ஸிலிருந்து சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு போனதும் வேலை நடந்தது. அதனால் ஒவ்வொரு வருடமும் ஒரு சுருக்கம் கேட்டு வாங்கி வையுங்கள். என்ன நோய், எப்போதிலிருந்து, எந்த மருந்து, எத்தனை முறை உள்நோயாளி, எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். அதன் படம் என் போனிலும் தங்கச்சி போனிலும் இருக்கிறது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற அக்காவுக்குத் தம்பியை நன்றாகத் தெரியும், சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டுத்தான் போவார். அதே பையில் அவன் மாத்திரையும் வந்தால் எல்லையோரத்துப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். 2015-16 தேசிய மனநல ஆய்வில், மனநலப் பிரச்சினைகளில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவிகிதம் வரை என்று வந்தது. ஆய்வு செய்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இதற்கெல்லாம் புதிதாக டாக்டரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஆனால் ஏற்கெனவே தெருவுக்கு வருகிற பையில் இன்னொரு அட்டை மாத்திரையைச் சேர்ப்பதற்கு என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது நாங்கள் வைத்திருக்கிற ஏற்பாடு இதுதான். நோயைக் கண்டுபிடிப்பது, மருந்தை மாற்றுவது, ரொம்ப முற்றினால் சேர்ப்பது, மூன்றுக்கும் நிம்ஹான்ஸ். மாதாந்திர மாத்திரை, ரத்தம், ஊசி, சான்றிதழ் இந்தப் பக்கம். மருந்தை யார் மாற்றினாலும் அடுத்தவருக்கு நான் அன்றைக்கே சொல்லிவிடுவேன். இரண்டு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் தனி டப்பாவில் கையிருப்பு. காவிரி பற்றிச் செய்தியில் சூடு ஏறினால் அதை நான்கு வாரமாக்கிவிடுவோம்.

கிருஷ்ணகிரிக்கே போய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் சரி. பாகலூர், பேரிகை, தளி ஆட்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உடம்பு கொஞ்சம் தேறிய பின் மாவட்டக் குழுவோடு மட்டும் இருந்துகொள்ளலாமா என்றால், க்ளோசபின் இல்லாதவர்கள் தாராளமாக இருக்கலாம். க்ளோசபினில் இருப்பவர்கள், அது இருப்பில் வருமா என்று முதலில் கேட்டுக்கொண்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.