ஞானஸ்நானப் பதிவா, நிலப் பத்திரமா?

18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து கப்பலேறி, பிலடெல்பியாவில் இறங்கி, வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வரை போன ஸ்காட்ஸ்-ஐரிஷ் (ஸ்காட்லாந்திலிருந்து அல்ஸ்டரில் குடியேறியவர்களின் வழிவந்த) மூதாதையர் குடும்பத்தைத் தேடுபவர்கள் முதலில் ஓடுவது தேவாலயப் பதிவுக்குத்தான். கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்தப் பள்ளத்தாக்கின் ஆகஸ்டா கவுண்டியில் பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜான் கிரெய்க் 1740களில் எழுதிவைத்த ஞானஸ்நானக் குறிப்பு தப்பிப் பிழைத்திருக்கிறது. எல்லா ஊருக்கும் அப்படி ஒரு கிரெய்க் வாய்க்கவில்லை. சரி, அயர்லாந்திலேயே தேடலாம் என்றால், 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது ஏகப்பட்டது சாம்பலாகிவிட்டது.

என் ஓட்டு நிலப் பத்திரத்துக்கும் நீதிமன்றக் குறிப்புக்கும்தான். படிக்கக் கொஞ்சம் வறட்சிதான், ஆனால் நிலம் என்றால் எவனும் எழுதிவைக்காமல் விடமாட்டான். 1740இல் வர்ஜீனியாவின் ஆரஞ்சு கவுண்டி நீதிமன்றத்தில் பலர் வந்து நின்று, மனைவி மக்களோடு சொந்தச் செலவில் அயர்லாந்திலிருந்து பிலடெல்பியா வழியாக வந்ததாகச் சத்தியம் செய்தார்கள். அப்படி வந்தவர்களுக்குத் தலைக்கு 50 ஏக்கர் நில உரிமை கிடைக்குமே! அதனால் வீட்டில் இருந்த அத்தனை பேரின் பெயரும் ஏட்டில் ஏறிவிட்டது.

அப்புறம் இந்தப் பெயர்க் குழப்பம். ஒரே ஓடைக்கரையில் இரண்டு மூன்று ஜான், அதே குடும்பப் பெயரோடு. ஞானஸ்நானப் பதிவை வைத்து இவர்களைப் பிரிப்பது பெரும்பாடு. விற்பனைப் பத்திரத்திலோ எல்லையில் நிற்கும் வெள்ளை ஓக் மரம், பக்கத்து நிலக்காரர் பெயர், சில சமயம் கணவனின் நிலத்தில் தனக்குள்ள பங்குரிமையை விட்டுக்கொடுக்கும் மனைவியின் பெயர்கூட இருக்கும். மார்த்தாவின் கணவன் ஜான் ஒருவன், ஆக்னஸின் கணவன் ஜான் வேறொருவன்.