அடுப்பை அணைத்த பிறகும் கொதிக்கும் குழம்பு: கல்சட்டியோடு எட்டு மாதங்கள்

கல்சட்டியில் நாங்கள் முதன்முதலாக வைத்த வத்தக்குழம்பு, அடுப்பை அணைத்த பிறகும் ஏழு நிமிடம் கொதித்துக்கொண்டே இருந்தது. நானும் என் கணவரும் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டோம். வழக்கமாக எவர்சில்வர் பாத்திரத்தில் இறக்கும் பதத்திலேயே அன்றும் அடுப்பை அணைத்திருந்ததால், சாதத்தில் ஊற்றிப் பிசைய வேண்டிய குழம்பு, தொட்டுக்கொள்ளும் தொக்காக இறுகிவிட்டது. இந்தச் சட்டியின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்தே கிளைக்கின்றன என்பதால், வாங்க எண்ணுகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். சென்னையில் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். இருவருக்கு மட்டும், அதிக ஏற்பாடு இல்லாமல், மாலையில் ஒரே ஒரு வேளை ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தோம். மயிலாடுதுறையில் என் பாட்டி வீட்டுக் கல்சட்டியைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் கணவர் அம்பாசமுத்திரத்துக்காரர். அவர் வீட்டில் குழம்புக்கும் மீனுக்கும் மண்சட்டிதான். இப்போது எங்களிடம் இருப்பது ஒன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள, கைப்பிடி இல்லாத சட்டி. விளிம்பு கட்டைவிரல் பருமன், காலி எடை ஏறத்தாழ மூன்று கிலோ, விலை ரூ. 1,350.

கல்சட்டி மாக்கல்லில் குடையப்படுவது. பலப்பம் என்று பள்ளிப் பிள்ளைகள் கற்பலகையில் எழுதிய குச்சியும் இதே இனத்துக் கல்தான். இதில் மிகுந்திருக்கும் டால்க் என்னும் கனிமம் முகப்பவுடரிலும் சேர்க்கப்படுவது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 1 என்ற எண், அதாவது எல்லாவற்றிலும் மென்மையானது. அதனால்தான் நகத்தால் கீறினாலே புதுச் சட்டியில் வெள்ளைக் கோடு விழுகிறது. அதனால்தான் ஒரே கல்லை உளியாலும் கடைசலாலும் சட்டியாகக் குடைந்தெடுக்கவும் முடிகிறது. சேலம் வட்டாரத்தில் இந்த வேலை இன்றும் நடக்கிறது. கல் கனமாக இருப்பதால் சூட்டை மெல்ல வாங்கி, நிறையச் சேர்த்து வைத்துக்கொண்டு, மெல்லத்தான் விடுகிறது. புளியோடும் மோரோடும் அலுமினியத்தைப் போலவோ ஈயம் பூசாத பித்தளையைப் போலவோ வினைபுரிவதில்லை. புளிக்குழம்புக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் என் அனுபவத்தில் இல்லை.

இப்போதுள்ள சட்டி நாங்கள் வாங்கிய இரண்டாவது சட்டி. முதலாவதை ஓர் இணையக் கடையில் வாங்கினோம். அட்டைப்பெட்டியும் வைக்கோலும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் இரவில் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாளின் மேல் வைத்தபோது, காலையில் தாளில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் படர்ந்திருந்தது. புகைப்படத்தோடு எழுதிக் கேட்டதற்கு, அது கல்லின் இயற்கையான ரேகை என்று பதில் வந்தது. ரேகையும் விரிசலும் ஒன்றல்ல. மாக்கல்லில் வெளிர் நிறத்திலும் கரும்பச்சையிலும் ரேகை ஓடுவது இயல்பு. அதன் குறுக்கே நகத்தை ஓட்டினால் தடையின்றி வழுக்கிச் செல்லும். விரிசலில் நகம் சிக்கும், தண்ணீரும் கசியும். மூன்று வாரம் எழுதியும் பணம் திரும்பவில்லை. ஆகவே இந்தப் பொருளை நேரில் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விரல் முட்டியால் தட்டினால் நல்ல சட்டி கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று அடங்கிவிடும். இரண்டாவதை ஊருக்குப் போன சமயத்தில் கும்பகோணம் பெரிய கடைத் தெருப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையில், ஐந்தாறு சட்டிகளைத் தட்டிப் பார்த்து என் அம்மா தேர்ந்தெடுத்தார்.

வாங்கி வந்த அன்றே சமைக்க முடியாது. சட்டியைப் பழக்க வேண்டும். பழக்கிய சட்டி என்றே கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நேரமில்லாதவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம் என்றாலும், வீட்டில் பழக்குவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். இந்தப் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஒரு நாள் ஊறவிட்டார். மறுநாள் மாலை சூடான வடிகஞ்சியை ஊற்றி, அது ஆறும்வரை வைத்திருந்து கழுவித் துடைத்து, மீண்டும் எண்ணெயும் மஞ்சளும் பூசினார். குக்கர் சாதத்துக்குப் பழகிப்போன எங்கள் வீட்டில் கஞ்சி கிடைப்பதற்காகவே அந்த வாரம் முழுவதும் சோறு வடித்தோம். ஏழாம் நாள் சட்டியில் கஞ்சியை ஊற்றி, அடுப்பை மிகக் குறைவாக எரியவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறிதளவு கூட்டிக் கொதி வரச் செய்தார். சாம்பல் நிறத்தில் வந்த சட்டி எண்ணெய் குடித்து, முதலில் திட்டுத்திட்டாகவும் பிறகு ஒரே சீராகவும் கருத்தது. ஒவ்வொரு மாலையும் அலுவலகத்திலிருந்து வந்ததும் அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தவரின் கையில், அந்த வாரம் முழுக்க மஞ்சள் கறை போகவே இல்லை. அதுவரை அடுப்படிக்கு உதவிக்கு மட்டும் வந்துகொண்டிருந்தவர், அதன் பிறகு தாமாகவே குழம்பு வைக்கத் தொடங்கினார்.

புதிதாகப் பழக்கிய சட்டியில் முதல் சில நாட்களுக்குப் புளிப்பு வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்ததால், கீரை மசியலில் தொடங்கினோம். ஒரு கட்டு முளைக்கீரை, நான்கு பல் பூண்டு, கால் டம்ளர் தண்ணீர், உப்பு; வேறொன்றும் தேவையில்லை. மூடாமல் வேகவிட்டால் பச்சை நிறம் மாறாமல் இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் மத்தால் கடையும்போது கீரை வழுக்கி ஓரத்துக்கு ஒதுங்கும், பாத்திரமும் சேர்ந்து சுற்றும். மூன்று கிலோ எடையுள்ள கல் இருந்த இடத்தில் அசையாமல் இருக்க, அதன் லேசான சொரசொரப்பு கீரையைப் பிடித்துக்கொடுப்பதால், இரண்டு நிமிடத்தில் வெண்ணெய் போல மசிந்துவிடுகிறது. பிறகு இரும்புக் கரண்டியில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல் தாளித்துக் கொட்டினால் போதும். சமைத்துப் பழக்கமே இல்லாதவர்களுக்கு இதையே முதல் பாடமாகச் சொல்வேன்.

வத்தக்குழம்பை இப்போது தவறின்றி வைக்கிறோம். இருவருக்குச் சிறு எலுமிச்சை அளவு புளி, இரண்டு தேக்கரண்டி குழம்புப் பொடி, ஒரு கைப்பிடி சுண்டைக்காய் வற்றல், தாராளமாக நல்லெண்ணெய். வற்றலைத் தனியாக இரும்பு வாணலியில் வறுத்துக்கொள்வது நல்லது. கல்சட்டியில் எண்ணெய் காயவே வெகு நேரம் ஆகும், காய்ந்தபின் சூட்டைச் சட்டென்று தணிக்கவும் முடியாது. வெந்தயம் ஒரு நொடியில் கருகிக் கசந்துவிடும். புளிக்கரைசல் பச்சை வாசனை போகக் கொதித்து, நீர்த்தாற்போல் தோன்றும்போதே, அதாவது இன்னும் கொஞ்சம் வற்ற வேண்டும் என்று மனது சொல்லும் நேரத்திலேயே, அடுப்பை அணைத்துவிட வேண்டும். மீதி வேலையைக் கல் பார்த்துக்கொள்ளும். நெருப்பு இல்லாத அந்தக் கொதியில் ஓரங்களில் சிறு குமிழிகள் வந்து வந்து உடைய, எண்ணெய் மெல்லப் பிரிந்து மேலே படர்கிறது. பிள்ளைப் பருவத்தில் பாட்டி வீட்டில் சாப்பிட்ட குழம்பின் திடத்தை இத்தனை ஆண்டுகளில் நான் திரும்பக் கண்டது இந்தச் சட்டியில்தான்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது மோர்க்குழம்பு. மோர் ஊற்றியபின் நன்றாகக் கொதித்துவிட்டால் திரிந்துபோகும் என்பதால், புதிதாகச் சமைப்பவர்கள் பயப்படும் குழம்பு இது. நாங்களும் முதல் முறை மோரைக் கொதியிலேயே ஊற்றித் திரியவிட்டோம். அடுத்த முறை வரிசையை மாற்றினோம். வெண்பூசணித் துண்டுகளைச் சிறிதளவு தண்ணீரில் வேகவைத்து, ஊறிய கடலைப்பருப்பு, தேங்காய், பச்சைமிளகாய், சீரகம் சேர்த்து அரைத்த விழுதைப் போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை முழுதாக அணைத்துவிட்டோம். குமிழிகள் அடங்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே கடைந்த மோரை ஊற்றிக் கிளறினோம். கல்லில் மிச்சமிருந்த சூட்டில் குழம்பு மெல்ல நுரைத்து எழும்பி, கொதிக்காமலே பதத்துக்கு வந்தது. தீயைக் குறைத்துக்கொண்டும் எட்டிப் பார்த்துக்கொண்டும் நிற்க வேண்டியதே இல்லை. கடைசியாகத் தேங்காய் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும். மிகக் கவனம் வேண்டும் என்று நினைத்திருந்த ஒரு குழம்பு, வார நாளில் அரை மணி நேரத்தில் முடிகிற குழம்பாக மாறிவிட்டது.

சுண்டக்கறி என் கணவரின் ஊர்ச் சமையல். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மறுநாள் மிஞ்சிய குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சுண்டவைப்பது அங்கே வழக்கம். பொங்கலுக்குப் பின் அத்தை தொலைபேசியில் பக்குவம் சொல்ல, அவர் கல்சட்டியில் செய்தார். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கமும் பழங்குழம்பைக் கல்சட்டியில் சுண்டவைப்பதுண்டு என்பதால், அன்று இரு வீட்டுச் சமையலும் ஒரே சட்டியில் சந்தித்தன. சிறு தீயில் முக்கால் மணி நேரம் இருந்தும் அடிப்பிடிக்கவில்லை. எவர்சில்வராக இருந்தால் கரண்டியை விட்டுக் கை எடுத்திருக்க முடியாது.

கல்சட்டி எல்லாவற்றுக்கும் ஆகாது. ரசத்துக்கு இது சரிப்படாது. நுரை கட்டும்போதே இறக்க வேண்டிய ரசம் இதில் கொதித்துக் கொதித்து மணத்தை இழக்கிறது. ரசத்துக்கு வெள்ளீயத்தில் செய்த ஈயச்சொம்பைத்தான் நாட வேண்டும். காலை அவசரத்துக்கும் இது உதவாது. சிறு தீயில் தொடங்க வேண்டியிருப்பதால், கொதி வரவே மற்ற பாத்திரங்களைப் போல இரு மடங்கு நேரம் ஆகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் அறவே வேலை செய்யாது; அந்த அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் உலோகம் வேண்டும்.

பராமரிப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாத விதி ஒன்றுண்டு: சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் படக்கூடாது. உள்ளே சூடாகவும் வெளியே குளிர்ந்தும் இருந்தால் கல் சீராகச் சுருங்க முடியாமல் வெடித்துவிடும். இறக்கிய சட்டியை ஈரமான மேடையில் வைப்பதும் ஆபத்துதான். பிரிமனையிலோ மடித்த துணியிலோ வைக்க வேண்டும். நாங்கள் மரக்கரண்டியைத்தான் பயன்படுத்துகிறோம். ஆறிய பிறகு தேங்காய் நாரும் சீயக்காய்த் தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோம். குழம்போடு நிறைந்த சட்டியைத் துணி பிடித்து இறக்குவது எனக்குச் சிரமமாகவே இருக்கிறது. என் கணவர்தான் இறக்குகிறார். வயதானவர்கள் தனியாகச் சமைக்கும் வீட்டுக்கு இந்த அளவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் அரை லிட்டர் சட்டியோ, இரும்புப் பட்டையில் கைப்பிடி வைத்த சட்டியோ வாங்குவது பாதுகாப்பானது.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்புவதில்லை. ஏழரைக்கு வருகிறவர் குழம்பை வைத்து இறக்கி, தட்டால் மூடி, மேலே ஒரு துண்டைப் போர்த்திவைக்கிறார். எட்டேகாலுக்கு வருகிறவர் மூடியைத் திறக்கும்போதும் ஆவி எழுகிறது. முன்பெல்லாம் ஆறிய குழம்பை மீண்டும் அடுப்பில் ஏற்றுவதும், அலுப்பில் அப்படியே சாப்பிடுவதுமாக இருந்தோம். எட்டு மாதங்களில் ஒருமுறைகூட மாலைக் குழம்பை மறுபடி சூடு செய்யவில்லை. விலைக்கும் ஒரு வார உழைப்புக்கும் இதுவே எனக்குப் போதுமான பலன்.

இருவருக்கு ஒன்றரை லிட்டர் தாராளம். ஒரு லிட்டரே போதும் என்று இப்போது தோன்றுகிறது. குழம்பு வைக்கும் சட்டியில் தயிர் தோய்க்க முயல வேண்டாம். எண்ணெய் குடித்த கல்லில் புளியும் பெருங்காயமும் ஏறியிருப்பதால், தோய்த்த தயிரில் அந்த வாடை தெரிகிறது. தயிருக்கென்று தனியாக அரை லிட்டர் சட்டி ஒன்று வாங்கிவிட்டோம். அது இப்போது மஞ்சள் பூசி மூன்றாம் நாளாகச் சமையலறை மேடையில் காய்ந்துகொண்டிருக்கிறது.