மெனோராவா, ஹில்லெலா? நான் ஏன் கட்சி மாறினேன்

அமெரிக்கப் பல்கலைக்கழக வரலாறு படித்தபோது, யூத மாணவர் அமைப்புகளில் ஒன்றை எடுத்து ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. மெனோரா சங்கத்தில் தொடங்கி, பாதியில் அதை விட்டுவிட்டு ஹில்லெலுக்கு மாறினேன். இரண்டில் எது மேல் என்று கேட்டால் இன்றும் ஹில்லெல் என்றுதான் சொல்வேன்.

மெனோராவின் கவர்ச்சி எனக்குப் புரியாமல் இல்லை. 1906இல் ஹார்வர்டில் ஹென்றி ஹர்விட்ஸும் நண்பர்களும் தொடங்கியது. கிரேக்கம், லத்தீன் போல யூதப் பண்பாடும் கற்கத் தகுந்தது என்று காட்டுவதே நோக்கம். யூதர் அல்லாதவரும் சேரலாம். 1913இல் பல பல்கலைக்கழகங்களின் சங்கங்கள் ஒரே கூட்டமைப்பாயின. 1915இல் அவர்கள் தொடங்கிய இதழ் 1962 வரை வந்தது. ஆனால் அறிவைக் காட்டினால் மதிப்பு தானாக வரும் என்ற நம்பிக்கை அதே ஹார்வர்டில் அடிபட்டது. 1922இல் அதன் தலைவர் லோவெல், யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் யோசனையை வெளிப்படையாகவே முன்வைத்தார்.

ஹில்லெல் பிறந்தது 1923இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில். யூத மாணவர்களுக்குத் தங்கள் மரபே தெரியவில்லையே என்று முதலில் வருந்தியவர் எட்வர்ட் சான்சி பால்ட்வின் என்ற ஆங்கிலப் பேராசிரியர். அவர் ஒரு கிறிஸ்தவர் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். பொறுப்பேற்றவர் பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் ரபி, அதாவது யூத மதகுரு.

என் மனத்தை மாற்றியது ஒரே விஷயம்: அமைப்பை யார் நடத்துவது, செலவு யாருடையது? மாணவர் சங்கம் எதுவானாலும் நான்கே ஆண்டில் ஆட்கள் மாறிவிடுவார்கள். துடிப்பான செயலாளர் பட்டம் வாங்கிக்கொண்டு போனால், அடுத்து வருபவர் பதிவேட்டைத் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளூர் மெனோரா சங்கங்கள் மாணவர் ஆர்வத்தையே பெரிதும் நம்பியிருந்தன. இருபதுகளின் பிற்பாதியிலிருந்து தேய்ந்தன. ஹில்லெலிலோ சம்பளத்துக்கு ஓர் இயக்குநர் இருந்தார். சில காலத்திலேயே பினாய் பிரித் என்ற பெரிய யூத அமைப்பு செலவை ஏற்றது. இதன் அருமை 1927இல் தெரிந்தது. முப்பது வயதிலேயே ஃபிராங்கல் இறந்துபோனார், ஹில்லெல் நின்றுவிடவில்லை. 1933இல் தலைமைக்கு வந்த ஏப்ரம் சாக்கர் அதைப் பல வளாகங்களுக்குக் கொண்டுபோனார்; 1948இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் ஆனார்.

தொடர்ச்சியை மட்டும் பார்த்தால் ஹபாத் என்ற வைதிக யூத இயக்கத்தையும் சேர்க்க வேண்டும். 1969இல் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை ஒட்டி முதல் இல்லம் திறந்தார்கள். ரபியும் மனைவியும் அங்கேயே குடியேறி, வெள்ளி இரவு மாணவர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே சாப்பாடு போடும் முறை அவர்களுடையது. அந்த மேசையில் நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. அதனால் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன்.

ஹில்லெலின் ஏற்பாட்டுக்கும் விலை உண்டு. பினாய் பிரித்தின் கை சுருங்கியதும், தொண்ணூறுகளில் பிரிந்து வேறு நன்கொடையாளர்களைத் தேட வேண்டியதாயிற்று. இஸ்ரேல் குறித்து யாரை மேடையேற்றலாம் என்று தலைமையகம் விதி வகுத்தது. 2013இல் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். 2015இல் ஹில்லெல் என்ற பெயரையே விட்டார்கள். மெனோராவாக இருந்தால் அந்தப் பேச்சாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த ஒரு பக்கத்தை எழுதும்போது மட்டும், கட்சி மாறியது சரிதானா என்று தோன்றியது.