தாழ்த்திய கெப்புக்கு எந்த ஸ்டொப்பர்: றப்பரை வெட்டுவதா, ஃபோம் போடுவதா?

வாகனத்தைத் தாழ்த்துகிறவர்கள் ஸ்பிரிங்குக்கும் றிம்முக்கும் கணக்குப் பாராமல் செலவழிப்பார்கள். அக்சில் மேலெழும்பி செஸியில் (வாகனத்தின் சட்டகத்தில்) முட்டாமல் தடுக்கும், பம்ப் ஸ்டொப்பர் என்கிற உள்ளங்கை அளவு கட்டை அவர்கள் பட்டியலிலேயே இராது. பிறகு ஒருநாள் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு புகையிரதக் கடவையைத் தாண்டும்போது முதுகெலும்பு வரை ஒரு அடி விழும். கராஜுக்கு ஓடுவார்கள். அங்கே மெக்கானிக் பாஸிடம் இருக்கும் மருந்து ஒன்றுதான்: "இடிக்குதெண்டா வெட்டிவிடுவம் தம்பி."

வெட்டுவது குற்றமில்லை. ஐபாக் போன்ற ஸ்பிரிங் கம்பனிகளே சில வாகனங்களுக்கான ஸ்பிரிங் செட்டோடு வரும் தாளில், ஸ்டொப்பரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அச்சடித்துத் தருகின்றன. ஆனால் எப்போதாவது தொட்டுக்கொண்டிருந்த அந்தக் கட்டை, தாழ்த்திய நாள் முதல் தினமும் வேலை செய்யும் இரண்டாவது ஸ்பிரிங்காக மாறிவிடுகிறது. அதனால் அதை ஸ்பிரிங் பார்த்து வாங்குவது போலத்தான் பார்த்து வாங்க வேண்டும். என் அலசல் முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

ஒரு உதாரணம் எடுப்போம். பின் அக்சிலுக்கும் ஸ்டொப்பருக்கும் நடுவே 80 மில்லிமீற்றர் இடைவெளி, ஸ்டொப்பரின் உயரம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு இரும்பில் முட்ட 140 இருக்கிறது. 50 மில்லிமீற்றர் தாழ்த்தினால் மிஞ்சுவது 90. ஸ்டொப்பருக்கு முன்னால் வெறும் 30. ஆட்களும் பைகளும் ஏறினால் அதிலும் பாதி போய்விடும்.

இப்போது மூன்று தெரிவுகள். கம்பனி றப்பரை அப்படியே விட்டால் 30 ஓடும், பிறகு றப்பர் ஒரு 25 அமுங்கும்; மொத்தம் 55. றப்பரில் 25ஐ வெட்டி எறிந்தால் இடைவெளி 55 ஆகும், மிஞ்சிய 35 உயரக் கட்டை 15 அமுங்கும், மொத்தம் 70. அதே 60 உயரத்தில் ஃபோம் ஸ்டொப்பர் போட்டால் இடைவெளி 30தான், ஆனால் அது 40 அமுங்கும். அதற்கும் மொத்தம் 70.

இரண்டுக்கும் எழுபதுதானே, எது மலிவோ அதைச் செய்வோம் என்று தோன்றும். அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். வெட்டிய றப்பர் அந்த வேகம் முழுவதையும் கடைசி 15 மில்லிமீற்றரில் நிறுத்துகிறது. ஃபோம் 40இல் நிறுத்துகிறது, அதுவும் தொடக்கத்தில் மெதுவாகப் பிடித்து, போகப் போக இறுக்கி. முதலாவது உங்களுக்கு "டங்" என்று கேட்கும். இரண்டாவது தொட்டதே பல நேரம் தெரியாது. செஸியில் ஸ்டொப்பரைப் பிடித்திருக்கும் பிறக்கற் வெடிப்பதும் பெரும்பாலும் முதல் வகையில்தான்.

காரணம் எளிது. திண்ம றப்பரின் கன அளவு அமுக்கினால் குறையாது. பக்கவாட்டில் பிதுங்கத்தான் முடியும், பிதுங்க இடம் முடிந்ததும் கல்லாகிவிடும். ஃபோம் என்று நாம் சொல்வது மெத்தைக்குள் இருக்கும் பஞ்சு அல்ல; நுண்ணிய காற்றறைகள் நிறைந்த பொலியூரத்தேன். பீஏஎஸ்எஃப் கம்பனி செலாஸ்டோ என்ற பெயரில் விற்பது இந்த வகைதான். காற்றறைகள் சுருங்குவதால் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை உள்ளே போகும், அதிகம் பிதுங்காது. இன்றைய கார்களின் ஷொக் அப்சோர்பர் தண்டில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ படிப்படியாக வளையம் வைத்து இருக்குமே, அதே சாமான்.

வெட்டத்தான் போகிறீர்கள் என்றால் எந்தப் பக்கம் வெட்டுவது என்பதைப் பாஸிடம் விட்டுவிட வேண்டாம். கூம்பு நுனி கைக்கு எட்டும் பக்கம் இருப்பதால் வாள் அங்கேதான் போகும். அந்த நுனிதான் முதலில் மெதுவாகத் தொடுவதற்காக வைத்தது. அதை எடுத்தால் மிஞ்சுவது தட்டையான முரட்டு அடி மட்டும். கழற்றி எடுத்து, செஸிப் பக்கத்தில் உள்ள தடித்த அடியில் வெட்ட இடமிருக்கிறதா என்று பாருங்கள். இரும்புத் தட்டில் வார்த்து ஒட்டிய வகையில் அது நடக்காது. அப்படியானால் உயரம் குறைந்த வேறு ஸ்டொப்பர் தேடுவதே மேல். ஃபோமை வெட்டுவதானால் இரண்டு வளையத்துக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வெட்ட வேண்டும்.

சிவப்பிலும் கறுப்பிலும் பளபளக்கும், காற்றறை இல்லாத கட்டைப் பொலியூரத்தேன் மூன்றாவது ஆள். உயரம் குறைவு, உழைப்பு அதிகம், எண்ணெய்க்கும் அசையாது. பாரம் ஏற்றும் வேலைக் கெப்பில், ஸ்டொப்பர் அபூர்வமாகத்தான் தொடும் என்றால், நல்ல சாமான். தாழ்த்திய வாகனத்தில் அது அபூர்வமாகத் தொடப்போவதில்லையே. எனக்கு அதில் விருப்பமில்லை. அதைவிட, உள்ளே குழிவாக வார்த்த றப்பர் ஸ்பிரிங் வகை பின் லீஃப் ஸ்பிரிங்குக்கு ஒத்துவரும். டிம்ப்றென் கம்பனி விற்பது அந்த வகை. பாரத்தையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் உயரமானது, 90 மில்லிமீற்றருக்குள் அதை நுழைக்க முடியுமா என்று அளந்த பிறகே பணத்தை எடுங்கள்.

ஸ்டொப்பரை முற்றாகக் கழற்றிவிட்டு ஓடுவோரும் உண்டு. அவர்களுடைய ஷொக் வாங்கும் செலவைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள்.

முன்பக்கம் வேறு கதை. பழைய மொண்டெரோ, டோர்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) வைத்த ஹைலக்ஸ் போன்றவற்றில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினாலே முன்பக்கம் இறங்கிவிடும். காசு செலவில்லை என்பதால் எல்லோரும் செய்கிறார்கள். அங்கே ஸ்டொப்பர், சில்லைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் நடுவில் எங்கோ முட்டும். அது ஆர்மின் பாதித் தூரத்தில் இருந்தால், கட்டையில் 10 மில்லிமீற்றர் குறைத்தாலே சில்லு 20 மில்லிமீற்றர் மேலே ஏறும். பின் அக்சிலில் வெட்டிய அதே அளவை முன்னாலும் வெட்டினால் டயர் மட்கார்ட்டின் உள் பிளாஸ்டிக்கைத் தின்னத் தொடங்கும். முன்பக்கத்துக்கு, யோசிக்காமல், ஃபோம்தான் என் தெரிவு.

திருப்பத்திலும் இது காட்டிக்கொடுக்கும். தெற்கு அதிவேகப் பாதையிலிருந்து கொட்டாவையில் இறங்கும் வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க ஸ்டொப்பர் தொட்டால், அந்த மூலை ஒரே கணத்தில் விறைத்துவிடும். பின்பக்கம் அப்படி விறைத்தால் வால் வழுக்கும், மழை நாளில் சொல்லவே வேண்டாம். மெதுவாக இறுகும் ஃபோம் அங்கே கொஞ்சம் அவகாசம் தரும். வெட்டிய றப்பர் தராது.

நைட்ரஜனும் எண்ணெயும் அடைத்த ஹைட்ரோலிக் ஸ்டொப்பர் பாலைவனப் பந்தயக்காரர்களுடையது. கொழும்பு–காலி வீதிக்குத் தேவையில்லை.

அக்சிலை லீஃபுக்கு மேலே மாற்றிப் பூட்டும் அளவுக்குத் தாழ்த்தியவர்களுக்கு எந்த ஸ்டொப்பரும் உதவாது. அக்சிலுக்கு மேலே செஸியில் அரைவட்டம் வெட்டி, தடித்த தகடு வைத்துப் பலப்படுத்தினால்தான் இடம் பிறக்கும். அது வெல்டிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. செஸியில் கை வைக்க முன்னர் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவதானாலும் முதலில் ஷொக்கைப் பாருங்கள். ஸ்டொப்பர் முழுதாக அமுங்க முன்பே ஷொக்கின் தண்டு அடியில் முட்டினால், அடி விழுவது உள்ளே இருக்கும் வால்வில். மலிவான சோதனை ஒன்று உண்டு: தெரியும்படி இருக்கும் ஷொக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கி, ஷொக்கின் உடலோடு ஒட்ட இறக்கிவிட்டு, வழமையான பாரத்தோடு ஊரைச் சுற்றி வாருங்கள். டை எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவு ஓடியிருக்கிறது. ஸ்டொப்பரின் முகத்தில் பிள்ளைகளின் களிமண் ஒரு உருண்டை ஒட்டிவிட்டால், அது எவ்வளவு நெருங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கும் வரை பழைய வண்டிகளையே எல்லோரும் பூட்டிப் பூட்டி ஓடினோம். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஃபோம் ஸ்டொப்பருக்குக் குறைவில்லை. றப்பரைப் பழையதாக வாங்கலாம், வெடிப்பு இருந்தால் கண்ணுக்கே தெரியும். ஃபோமை அப்படி வாங்காதீர்கள். ஈரப்பதனில் அது உள்ளிருந்தே உளுத்துப்போகும், வெளியே புதிது போலிருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே எழும்பி வந்தால் விலை பேசலாம். துகள் நகத்தில் ஒட்டினால் அடுத்த கடை.