ஜோராசங்கோ தாகூர் வீடு: திங்களன்று போய் ஏமாறாதீர்கள்

தாகூர் பிறந்ததும் (1861) கண்ணை மூடியதும் (1941) ஒரே வீட்டில்தான். வடக்கு கொல்கத்தாவில் பச்சை மரச்சட்ட ஜன்னல்களோடு நிற்கும் அந்தச் செந்நிற மாளிகை இப்போது ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம். திங்கட்கிழமை விடுமுறை.

காரில் போவதைவிட மெட்ரோ உத்தமம். நீலத் தடத்தில் கிரீஷ் பார்க் நிலையத்தில் இறங்கி, விவேகானந்தா ரோட்டில் மேற்கே நடந்து, கணேஷ் டாக்கீஸ் சந்திப்பில் இடப்பக்கம் ரவீந்திர சரணிக்குத் திரும்புங்கள். கொஞ்ச தூரத்தில் இடப்புறம் துவாரகநாத் தாகூர் சந்து. வழி கேட்கும்போது 'டாக்கூர்பாரி' என்று கேட்டால் சட்டென்று கை காட்டுவார்கள். பெயரை நாம் சொல்கிற மாதிரி அங்கே யாரும் சொல்வதில்லை.

முற்றத்தில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு மாடியேறுங்கள். தாகூரின் 'வால்மீகி பிரதிபா' இசை நாடகம் 1881-இல் முதலில் அரங்கேறியது இந்த வீட்டில்தான். வால்மீகியாக நடித்தவர் இளைஞர் ரவீந்திரநாத். மேலே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும், காலுறை இருந்தால் நல்லது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. போனைத் தூக்கினால் காவலர் வந்துவிடுவார்.

கடைசிக் காலத்து அறைதான் இந்த வீட்டின் உயிர். 1941 ஜூலை 30 அன்று அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது மருத்துவமனையில் அல்ல, இதே வீட்டு மாடி வராந்தாவில். அன்று காலையில்தான் கடைசிக் கவிதையைச் சொல்லி எழுதவைத்தார். பிறகு அதைத் திருத்திக்கொடுக்கும் தெம்பு அவருக்குத் திரும்பவில்லை. ஆகஸ்ட் 7-ஆம் தேதி முடிந்துவிட்டது. இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொண்டு அறைக்கும் வராந்தாவுக்கும் இடையே உள்ள சில அடி தூரத்தைப் பாருங்கள். தெரியாமல் போனால் அது ஒரு காலி அறைதான். 1902-இல் இறந்துபோன மனைவி மிருணாளினியின் அறையையும் விட்டுவிடாதீர்கள். கூட்டம் அங்கே நிற்பதில்லை.

தாகூரின் வெளிநாட்டுப் பயணக் கூடங்களில் அந்த உயிர் இல்லை. ஜப்பான், சீனா, ஹங்கேரி என்று நாட்டுக்கொரு கூடம். பெரும்பாலும் சுவரில் புகைப்படமும் வாசகமும். 1926-இல் ஹங்கேரியின் பாலட்டன்ஃப்யூரெட் ஊரில் இதய சிகிச்சை பெற்று, அங்கே அவர் ஒரு மரம் நட்ட கதை தெரிந்தவர்களுக்கு ஹங்கேரி கூடம் சுவைக்கும். விளக்கப் பலகைகள் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும்தான். குழந்தைகள் இங்கேதான் சிணுங்க ஆரம்பிப்பார்கள்.

பலர் செய்யும் தவறு, மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, பலகைகளை வரிவரியாகப் படித்து, முக்கியமான அறைகளை ஓடிக்கொண்டே பார்ப்பது. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மே 8, 9 வாக்கில் வரும் பிறந்தநாளில் வளாகம் விழாக்கோலமாக இருக்கும். பாட்டு கேட்கலாம், வீட்டை நிதானமாகப் பார்க்க முடியாது.

நோபல் பதக்கத்தைத் தேடி இங்கே வரவேண்டாம். அது சாந்திநிகேதனில் இருந்து 2004-இல் திருடுபோனது. சாந்திநிகேதனுக்கும் போகிறவர்கள் கவனிக்க: அங்கே வார விடுமுறை புதன். செவ்வாயன்று இந்த வீடு, வியாழனன்று ஹவுராவிலிருந்து ரயிலேறி சாந்திநிகேதனுக்கான நிலையமான போல்பூர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கதவும் திறந்திருக்கும்.