என்எஸ்பி தளம்: படிவம் சுலபம், இனிஷியல்தான் வில்லங்கம்

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் (என்எஸ்பி) படிவம் நிரப்புவது அரை மணி நேர வேலை. கட்டணம் கிடையாது. ஆவணங்கள் கையில் இருந்தால் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார வேண்டியதில்லை. அப்படியிருந்தும் விண்ணப்பங்கள் நடுவழியில் நிற்கின்றன. பெரும்பாலும் காரணம் தளத்துக்கு வெளியே இருக்கிறது: ஆதாரில் உள்ள பெயர், கல்லூரி அலுவலகம், வங்கிக் கணக்கு. இந்த மூன்றையும் சரிபார்த்துவிட்டுத் தளத்தைத் திறப்பவருக்கு இது நல்ல சேவை. மற்றவர்களுக்குத் தலைவலி.

இந்தத் தளத்தில் பல திட்டங்கள் இருக்கின்றன. இங்கே பேசுவது கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகையைப் பற்றி. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலைக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய். பி.இ., பி.டெக். படிப்பவர்களுக்கு நான்காம் ஆண்டில் 20,000. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. டிப்ளமோவுக்கும் தொலைதூரக் கல்விக்கும் கிடையாது.

தகுதியில்தான் முதல் குழப்பம். 'பிளஸ் டூவில் 80' என்று காதில் விழுந்ததும் 600-க்கு 480 எடுத்தால் போதும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விதி கேட்பது 80 சதவீதம் அல்ல, 80-வது பெர்சன்டைல். அதாவது உங்கள் போர்டில், உங்கள் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக்குள் நீங்கள் வர வேண்டும். மதிப்பெண் தாராளமாக விழுந்த ஆண்டில் 500-கூடப் போதாமல் போகலாம். அதைத் தாண்டினாலும் பணம் உறுதியில்லை. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள்தான். அதை மாநிலங்களின் 18 முதல் 25 வயது மக்கள்தொகைப்படி பங்கிட்டு, பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி, அறிவியல், வணிகவியல், கலைப் பிரிவுகளுக்கு 3:2:1 என்று பிரிக்கிறார்கள். கடைசியில் தரவரிசைதான் முடிவு செய்யும்.

விண்ணப்பிக்கும் முன் இன்னொரு கணக்கும் போட வேண்டும். வேறு எந்த உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ, மாநில அரசினுடையது உட்பட, பெறுபவருக்கு இது கிடையாது என்பது திட்ட விதி. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆண்டுக்கு அதே 12,000. வேறு உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப் பெண் பணம் நிற்காது என்று மாநில அரசு சொல்கிறது. மத்தியத் திட்டத்தின் விதியோ நேர்மாறு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைத் தமிழ்நாட்டில் மாநிலத் தளம் வழியாகக் கல்லூரியே கையாள்கிறது. கட்டணமும் அதில் அடங்குவதால் அதைவிட்டு இங்கே வருவது பெரும்பாலும் நஷ்டம். எந்தச் சலுகையிலும் சேராத, வருமான வரம்புக்குள் இருக்கும், நல்ல மதிப்பெண் எடுத்த மாணவருக்குத்தான் இது சரியான இடம்.

இனி வேலை. முதல் படி ஓடிஆர் என்கிற ஒருமுறைப் பதிவு. ஆதார் எண், ஓடிபி கொடுத்தால் குறிப்பு எண் வரும். பிறகு ஆண்ட்ராய்டு போனில் 'என்எஸ்பி ஓடிஆர்', 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' என்ற இரண்டு செயலிகளையும் இறக்கி முகத்தைக் காட்ட வேண்டும். இரண்டாவது செயலி தனியாகத் திறக்காது, பின்னணியில்தான் ஓடும். திறக்கவில்லையே என்று அழித்துவிடாதீர்கள். திரையில் வட்டம் வரும், முகம் அதற்குள் இருக்க வேண்டும், கண்ணைச் சிமிட்டச் சொல்லும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டு தோற்றுப்போகும். வெளிச்சம் முகத்தில் விழும்படி நில்லுங்கள். வெளிச்சம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பத் தோற்றால், 15 வயதில் செய்ய வேண்டிய பயோமெட்ரிக் புதுப்பிப்பு நடந்ததா என்று பாருங்கள். ஆதாரில் இன்னும் சின்ன வயதுப் படம் இருந்தால் செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் ஆதார் மையம், பிறகுதான் என்எஸ்பி.

இவ்வளவு கெடுபிடி சும்மா வரவில்லை. சிறுபான்மையினர் உதவித்தொகையில் 830 கல்வி நிறுவனங்கள் போலி அல்லது இயங்காதவை என்று தெரியவந்து, 2023 ஆகஸ்டில் சிபிஐ வழக்குப் பதிந்தது. இழப்பு சுமார் 144 கோடி ரூபாய். மாணவர் முகம் காட்டுவதும், கல்லூரிப் பொறுப்பு அலுவலர் பயோமெட்ரிக் கொடுப்பதும் அந்த ஓட்டையை அடைக்கத்தான்.

அடுத்தது தமிழ்நாட்டுக்கே உரிய வில்லங்கம், இனிஷியல். பிளஸ் டூ சான்றிதழில் 'செல்வி கே', ஆதாரில் 'கே செல்வி', வங்கிப் புத்தகத்தில் 'செல்வி கண்ணன்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஆனால் ஓடிஆர் பெயரை ஆதாரிலிருந்து எடுக்கிறது. தகுதி பார்ப்பதோ தேர்வுத் துறையின் பட்டியலை வைத்து. மூன்றிடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருப்பதே பாதுகாப்பு. மாற்றுவதென்றால் மதிப்பெண் சான்றிதழைத் தொடாமல், அதற்கு ஏற்றபடி ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றுங்கள். பிளஸ் டூ பதிவு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பட்டியலில் நீங்கள் இல்லை என்றாகிவிடும். அதை மனப்பாடமாக அடிக்காமல் சான்றிதழைப் பார்த்து அடியுங்கள்.

வருமானச் சான்றிதழ் வருவாய்த் துறை தந்ததாக, நடப்பில் செல்லுபடியாவதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் ஜூன், ஜூலையில் கூட்டம் மொய்க்கும். பிளஸ் டூ முடிவு வந்த கையோடு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

கல்லூரி இல்லாமல் இதில் ஒன்றும் நகராது. பட்டியலில் கல்லூரிப் பெயரைத் தேடும்போது ஒரே மாதிரி பெயர்கள் வரும். அலுவலகத்தில் ஏஐஎஸ்எச்இ குறியீட்டை (உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாள எண்) கேட்டு, அதை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பாடப்பிரிவு பட்டியலில் இல்லையென்றால் கல்லூரியின் பொறுப்பு அலுவலர்தான் சேர்க்க முடியும். கிட்டத்தட்ட ஒத்துவரும் வேறு படிப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

படிவத்தை அனுப்பியதோடு வேலை முடியாது. அதன் அச்சுப் பிரதி, போனபைட், மதிப்பெண், வருமானச் சான்றிதழ் நகல்களோடு அலுவலகத்தில் கொடுத்து, கணினியில் சரிபார்த்துவிட்டார்களா என்று நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 'கல்லூரி அளவில் நிலுவை' என்று கடைசி நாள்வரை காட்டினால் விண்ணப்பம் அங்கேயே செத்துவிடும். 'டிஃபெக்டிவ்' என்று வந்தால் நல்லது என்றே எடுத்துக்கொள்ளலாம். திருத்தி மறுபடி அனுப்ப வழி இருக்கிறது. 'ரிஜெக்ட்' என்றால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். தளத்தின் பெரிய குறை இங்கே தெரிகிறது. கல்லூரி தாமதித்தால் மாணவருக்கு அங்கே ஒரு பொத்தான்கூட இல்லை. நேரில் போய் நிற்பதுதான் வழி.

பணம் வருவது படிவத்தில் எழுதிய கணக்குக்குத்தான் என்று நம்பாதீர்கள். ஆதார் வழிப் பட்டுவாடாவில், எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று குறித்துவைக்கும் என்பிசிஐ பதிவேட்டில் கடைசியாக இணைந்த வங்கிக்கே போகும். சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் திறந்துவைத்த பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கில் பணம் உட்கார்ந்திருக்க, மாணவர் வேறொரு பாஸ்புக்கை மாதாமாதம் என்ட்ரி போட்டுக்கொண்டிருப்பார். மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும்; போனில் *99*99*1# அடித்தும் பார்க்கலாம். ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, என்பிசிஐயில் இணைந்திருப்பது வேறு. கிளையில் கேட்கும்போது 'டிபிடிக்காக சீடிங்' (அரசுப் பணம் நேரடியாக வர ஆதாரை இணைப்பது) என்றே சொல்லுங்கள். பணம் அனுப்பியாகிவிட்டதா என்பதை, மத்திய அரசின் பணப் பட்டுவாடாவைக் காட்டும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் என்எஸ்பி விண்ணப்ப எண்ணை வைத்துத் தேடலாம்.

பணம் வரும் வேகத்துக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. முதல் செமஸ்டர் கட்டணத்துக்கு இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

புதிய விண்ணப்பத்துக்கும் புதுப்பித்தலுக்கும் கடைசி நாள் பொதுவாக அக்டோபர் இறுதியை ஒட்டி வரும்; கல்லூரி சரிபார்ப்புக்குத் தனிக் கெடு. கடைசி வாரத்தில் ஓடிபி தாமதமாகும், அலுவலகத்திலும் விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாகக் காத்திருக்கும், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். உதவி எண் 0120-6619540. விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.